அச்சடிக்கும் முன் காட்டிக் கேளுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் சுகாதார விளம்பரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். தெருவெல்லாம் பேனர் தொங்கியும் வீட்டுக்குள் எதுவும் மாறவில்லை என்றால், மக்களைத் திட்டுவதற்கு முன்னால் பேனரைப் படித்துப் பாருங்கள் என்று அதில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இவை. காந்திகிராமத்தில் சுகாதாரக் கல்வி படித்து, திண்டுக்கல் மாவட்டத்திலேயே பல வருடம் அந்த வேலையைச் செய்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எழுதியவர்களில் பலர் அரசுப் பணியில் இருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

எங்கள் பேரூராட்சியில் டெங்கு பேனர் இல்லாத தெருவே கிடையாது. ஆட்டோவில் மைக் கட்டியும் சொல்கிறோம். ஆனால் வீட்டுக்குள் போனால் டிரம்மில் புழு நெளிகிறது. ஜனங்களுக்கு அக்கறையே இல்லையா? பயிற்சி வகுப்பில் ‘சோஷியல் மார்க்கெட்டிங்’ என்று ஒன்று சொன்னார்கள். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் போடுவதுதானே அது?
— கிராம சுகாதாரச் செவிலியர், திண்டுக்கல் மாவட்டம்

இல்லை சகோதரி, ஃபேஸ்புக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சோப்பும் டீத்தூளும் விற்கிற கம்பெனி, வாங்குகிறவர் யார், எங்கே வாங்குவார், எவ்வளவு கொடுப்பார், எதற்காகத் தயங்குவார் என்று பார்த்துவிட்டுத்தான் கடையில் சரக்கை வைக்கிறது. நல்ல பழக்கத்தைக் கொண்டுபோகிறவர்களும் அதே அக்கறையோடு மக்களைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். மார்க்கெட்டிங் பேராசிரியர்களான பிலிப் காட்லரும் ஜெரால்ட் சால்ட்மனும் 1971இல் எழுதிய ஒரு கட்டுரையால் இந்தப் பெயர் பரவியது. பெயர் வருவதற்கு முன்பே நம் நாட்டில் வேலை தொடங்கிவிட்டது. 1968இல் நிரோத் என்ற அரசு ஆணுறை வந்தபோது மூன்று உறை 15 காசு என்று விலை வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக, டீ, சோப்பு, சிகரெட் கம்பெனிகளின் விநியோக வண்டியிலேயே அதை ஏற்றிப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோனார்கள். அங்கே போஸ்டரைவிட விலையும் கடையும்தான் அதிக வேலை செய்தன.

இப்போது உங்கள் டிரம்முக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கிற பேனர் ‘டெங்குவை ஒழிப்போம், கொசு இல்லா ஊரை உருவாக்குவோம்’ என்கிறது. இதைப் படிக்கிற ஒரு வீட்டு அம்மா நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும்? அது எங்கேயும் இல்லை. மைக்கில் ‘தண்ணீரைத் தேங்க விடாதீர்கள்’ என்கிறீர்கள். குழாயில் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேக்கி வைக்காமல் அவர் எப்படிச் சமைப்பார்? டிரம்மைக் கவிழ்த்துவிடு என்றால் ஒரு வாரத் தண்ணீரைக் கீழே கொட்டு என்று அர்த்தம். நாம் கேட்கிற காரியத்துக்கு அவர் கொடுக்கிற விலை அது. அந்த விலையை அவரால் கொடுக்க முடியவில்லை. இதை அக்கறையின்மை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பெரும்பாலும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும். மறுபடி தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை தேய்த்தால் கணக்கு சரியாகிவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் டிரம் அடிவரைக்கும் இறங்கியிருக்கும் அல்லவா? அன்றைக்குச் சாயங்காலம் மைக் ஆட்டோவை விடுங்கள். ‘நாளைக்குத் தண்ணி வருது. இன்னைக்கு டிரம்மின் உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவி வைங்க’ என்ற ஒரே வரி போதும். இதிலும் ஒரு சிக்கல் வரலாம். பெரிய டிரம்மில் கை அடிவரைக்கும் எட்டாது. நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் தெருவுக்கு இரண்டு இருந்தால் நல்லது. பேனர் காசில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்க முடியுமா என்று செயல் அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

நான் சமூகப்பணி படிக்கும் மாணவன். விளம்பரத்தை வெளியிடுவதற்கு முன் ‘சோதித்துப் பார்க்க வேண்டும்’ என்று பாடத்தில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் செய்யலாம். கையில் காசே இல்லாத ஒரு சின்ன அமைப்பு அதை எப்படிச் செய்வது?
— மாணவர், மதுரை

தம்பி, இதற்குக் காசைவிடப் பொறுமைதான் வேண்டும். நாங்கள் செய்த ஒன்றைச் சொல்கிறேன், அதிலிருந்து முறை புரியும்.

வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள் அதிகம். காசநோய்க்கு ஒரு போஸ்டர் தயாரானது. போர்வை போர்த்திய ஒரு முதியவர் இருமுகிறார், கீழே ‘இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்ற வரி. மருத்துவ ரீதியில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அச்சுக்குப் போவதற்கு முன் அதை ஒரு சார்ட் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு, ஆலைக்கு வேலைக்குப் போகிற இளம் பிள்ளைகளிடம் காட்டினோம். “பாவம், தாத்தாவுக்கு ஆஸ்துமா” என்றது ஒரு பெண். “எங்களுக்கு வர்றது பஞ்சுத் தூசி இருமல்க்கா. ஊருக்குப் போனா சரியாயிரும்” என்றது இன்னொன்று. வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருந்த ஒரு பையனும் அங்கே இருந்தான். அவனும் அந்தப் போஸ்டர் தன்னைப் பற்றியது என்று நினைக்கவில்லை. அவர்களுக்கு எழுத்து புரிந்தது, படம் புரிந்தது. ஆனால் அதில் அவர்கள் இல்லை.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது. சளி கொடுக்கக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்கிறோம். காலை ஷிப்டை விட்டால் கூலி போகும், சூப்பர்வைசரிடம் பேச்சும் வாங்க வேண்டும். போஸ்டரை மாற்றினோம். வயதானவரை எடுத்துவிட்டு ஆலைச் சீருடையில் ஒரு இளைஞனை வரைந்தோம். ‘பஞ்சுத் தூசி இருமல்தானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டினால் சளியைச் சோதித்துப் பாருங்கள்’ என்று எழுதினோம். சளி டப்பாவை முதல் நாளே கொடுத்துவிட்டு, மறுநாள் ஷிப்டுக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்ள ஏற்பாடும் ஆனது. மாற்றிய பிறகு மறுபடி எடுத்துப் போய்க் காட்டினோம். ஒரு தடவை காட்டித் திருத்தியதோடு நிறுத்திவிடக் கூடாது. திருத்தத்தில் புதுக் குழப்பம் வந்திருக்கலாம்.

சரி, எப்படிக் கேட்பது? ‘நல்லா இருக்கா?’ என்று மட்டும் கேட்டுவிடாதே. நம் ஊரில் வீடு தேடி வந்தவர்களிடம் யாரும் நல்லா இல்லை என்று சொல்ல மாட்டார்கள். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இரு. அவர்கள் பார்த்து முடித்ததும், இதில் என்ன சொல்லியிருக்கிறது என்பதை அவர்கள் பாஷையிலேயே சொல்லச் சொல். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது மாதிரி சொல்லுங்கள் என்றால் கூச்சம் குறையும். அப்புறம், இது யாருக்காகப் போட்டது என்று கேள். இந்தக் கேள்விக்கு ‘படிக்காதவங்களுக்கு’, ‘டவுன்காரங்களுக்கு’, ‘குடிக்கிறவங்களுக்கு’ என்று அடுத்தவரைக் கைகாட்டினால் செய்தி தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இதைப் பார்த்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள், அதைச் செய்ய எது தடை என்று கேள். கடைசியாக, இதில் மனசை உறுத்துவது, யாரையாவது இழிவுபடுத்துவது ஏதாவது இருக்கிறதா என்று கேள். சொன்னதை அப்படியே எழுதிக்கொள். ‘புரிந்துகொண்டார்’ என்று சுருக்கி எழுதினால் அந்தத் தாளால் பயன் இல்லை.

கூட்டமாக உட்கார வைத்துக் கேட்பதா, தனித்தனியாகவா என்பது விஷயத்தைப் பொறுத்தது. பொதுவான பழக்கம் என்றால் ஒரு திண்ணையில் ஆறேழு பேரை உட்கார வைக்கலாம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பதிலிருந்தே நிறையத் தெரியவரும். கருத்தடை, வெள்ளைப்படுதல், குடி என்றால் தனியாகத்தான் கேட்க வேண்டும். மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகள் வாய் திறக்க மாட்டாள். சீருடை போட்ட செவிலியர் போய்க் கேட்டால் அவருக்குப் பிடித்த பதில்தான் வரும், அதனால் படம் வரைந்தவரும் திட்டத்தின் பொறுப்பாளரும் விலகி இருப்பது நல்லது. எத்தனை பேர் என்று பயப்படாதே. யாருக்காகச் செய்தி போடுகிறோமோ அந்த மாதிரி ஆட்களிடம் போக வேண்டும், அது முக்கியம். சொன்ன பதிலே திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால் நிறுத்திக்கொள்ளலாம். அலுவலகத்தில் சக ஊழியர்களிடம் காட்டிவிட்டு ‘சோதித்தாயிற்று’ என்று ஃபைலில் எழுதுவது எனக்குக் கோபம் வருகிற விஷயம். அவர்கள் எல்லோருக்கும் பதில் ஏற்கெனவே தெரியும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பு–சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னால் தலையாட்டுகிறார்கள். குழந்தைக்கு முடியாமல் போனதும் நேராகத் தனியார் மருத்துவரிடம் போய் ‘குளுக்கோஸ் ஏத்துங்க’ என்கிறார்கள். இன்னும் எப்படித்தான் சொல்வது?
— அங்கன்வாடிப் பணியாளர், ராமநாதபுரம் மாவட்டம்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் வங்கதேசம்தான் ஞாபகம் வந்தது. 1971 வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த, மேற்கு வங்க எல்லையில் இருக்கிற பன்கான் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு–சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலக்கி வைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். மருந்து வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுபோவதுதான் பாக்கி இருந்தது.

அதை 1980 முதல் பத்து வருடம் வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு செய்தது. பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். தாயே தன் கையால் கலக்கிக் காட்ட வேண்டும். கலக்கிய கரைசலின் மாதிரிகளை எடுத்துப் போய் உப்பு சரியான அளவில் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்தார்கள். செய்தியைச் சோதிப்பது என்றால் இதுதான் அம்மா. சொன்னது காதில் விழுந்ததா என்று மட்டும் பார்க்கவில்லை, கை அதைச் சரியாகச் செய்கிறதா என்றும் பார்த்தார்கள். சில வாரம் கழித்து வேறு ஒருவர் போய்த் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார். அதைப் பொறுத்துத்தான் பணியாளருக்குச் சம்பளம்.

இவ்வளவு செய்தும் ஆரம்பத்தில் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. தாய்மார்களுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கொடுத்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் ஊர் மாதிரியேதான். ஏன் என்று கிளறியபோது, சொல்லிக்கொடுத்த பணியாளர்களிலேயே பலருக்கு அந்தக் கரைசலில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. தங்கள் வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் அவர்களே வேறு மருந்தைத் தேடினார்கள். அவர்களை டாக்காவில் இருக்கிற வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், துவண்டு கிடக்கிற குழந்தை கரைசலைக் குடித்துத் தெம்பாவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். வீட்டு ஆண்களையும் விட்டுவிட்டோமே என்று புரிந்து, சந்தையிலும் மசூதியிலும் அவர்களோடு கூட்டம் போட்டுப் பேசினார்கள். அதற்கப்புறம்தான் பயன்பாடு ஏறியது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் மையத்தில், உங்கள் குழுவில் இருக்கிறவர்கள் தங்கள் பேரப்பிள்ளைக்கு எதை முதலில் கொடுக்கிறார்கள்? அங்கே குளுக்கோஸ் பாட்டில்தான் பதில் என்றால் தாய்மார்களுக்கு அது எப்படியும் தெரிந்துவிடும்.

பாக்கெட்டையும் பாருங்கள். எகிப்தில் 1983இல் தேசிய வயிற்றுப்போக்குத் திட்டம் தொடங்கியபோது, ஒரு லிட்டர் பாக்கெட் வீடுகளுக்குச் சரிப்படவில்லை. லிட்டர் அளவு பாத்திரம் பல வீடுகளில் கிடையாது. ஒரு டம்ளருக்கே முழுப் பாக்கெட்டையும் கொட்டிவிட்டால் உப்பு கூடிப்போகும், குழந்தைக்கு ஆபத்து. அதனால் 200 மில்லிக்கு ஏற்ற சின்னப் பாக்கெட்டைக் கொண்டுவந்து, அளவு டம்ளரும் கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் கரீமா முக்தார் என்ற நடிகை அம்மா மாதிரி உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தார். நம் கடைகளில் லிட்டர் பாக்கெட்டும் 200 மில்லி பாக்கெட்டும் இரண்டுமே இருக்கின்றன. உங்கள் கையில் இருப்பது எது, அந்த வீட்டில் எந்தச் சொம்பு அந்த அளவுக்குச் சரியாக வரும் என்பதை அங்கேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் காட்டிவிட்டு வாருங்கள். கரைசல் குடித்ததும் பேதி உடனே நிற்காது, உடம்பில் தண்ணீர் குறையாமல் பார்ப்பதுதான் அதன் வேலை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிற்கவில்லையே என்ற ஏமாற்றத்தில்தான் பலர் ஊசிக்கு ஓடுகிறார்கள்.

பள்ளியில் சோப்பு வைத்திருக்கிறோம், கிருமிகளைப் பற்றிப் பாடமும் நடத்துகிறோம். பிள்ளைகள் கிருமியின் பெயரைச் சொல்கிறார்கள், கை கழுவுவதில்லை.
— தலைமை ஆசிரியர், குடியாத்தம்

ஐயா, உங்களுக்குப் பக்கத்துச் சித்தூர் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு நல்ல ஆய்வு நடந்தது. ‘சூப்பர் அம்மா’ என்று பெயர். 14 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த நிகழ்ச்சியில் கிருமி, நோய் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. பிள்ளையை நல்ல பழக்கத்தோடு வளர்த்து ஆளாக்குகிற ஒரு தாய் ஒரு பக்கம். அழுக்குக் கையோடு லட்டு பிடிக்கிற லட்டு லிங்கம் என்ற அருவருப்பான ஆள் இன்னொரு பக்கம். நாடகம், படம், எல்லோர் முன்னாலும் உறுதிமொழி என்று சில நாள் நடந்தது. ஆரம்பத்தில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டிய நேரங்களில் கழுவியது நூறு தடவைக்கு ஒன்று, இரண்டுதான். ஆறு மாதம் கழித்து நிகழ்ச்சி நடந்த கிராமங்களில் 37 சதவீதம், நடக்காத கிராமங்களில் 6 சதவீதம். 2014இல் வெளிவந்த முடிவு இது.

இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் யாரிடமும் ‘கழுவுகிறீர்களா’ என்று கேட்டுக் கணக்கு எடுக்கவில்லை என்பது. வீட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து எண்ணினார்கள். கேட்டால் எல்லோரும் கழுவுவதாகத்தான் சொல்வார்கள்.

உங்கள் பள்ளியில் சோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. ஆசிரியர் அறையிலோ பீரோவிலோ இருந்தால், எவ்வளவு நல்ல நாடகம் போட்டும் பயன் இல்லை. குழாயடியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

எய்ட்ஸ் விளம்பரம் என்றாலே ‘புள்ளிராஜா’தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அப்போதே அது அநாகரிகமாகப் பட்டது. அது சரியான விளம்பரமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் பேருந்துகளிலும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் இருக்கும். 2002 கடைசியில் மும்பையில் ‘பல்பீர் பாஷாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று வந்ததன் வழியில் வந்தது அது. மும்பையில் முதலில் ஆண்களோடு பேசி, தங்களுக்கு வராது என்று அவர்கள் எதனால் நம்புகிறார்கள் என்று தேடினார்கள். நான் ஒருத்தியிடம் மட்டும்தான் போகிறேன், பார்த்தால் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறாள், குடித்திருந்த அன்றைக்கு மட்டும் உறை மறந்துவிட்டது. இந்தச் சமாதானங்கள் ஒவ்வொன்றையும் ஒரு கதையாக்கினார்கள். கேட்கிறவன் தன் வாயாலேயே பதில் சொல்லிக்கொள்ள வேண்டிய கேள்வி. அந்த வேலை நுட்பமானது என்பது என் எண்ணம். சென்னையில் 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த பிறகும், அதைப் பற்றிச் சத்தமாகப் பேச நாம் பல வருடம் கூசினோம். புள்ளிராஜா டீக்கடையில் அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தார்.

ஆனால் ஐயா, உங்கள் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. மும்பை விளம்பரத்தில் வந்த பெண் பாத்திரம் பாலியல் தொழிலாளர்களையே நோய்க்குக் காரணமாகக் காட்டுகிறது என்று கண்டனம் எழுந்தது. இங்கேயும் அந்தப் பெயர் கேலிப் பெயராகிவிட்டது. அதற்கு முன்னால் ‘ஆட்கொல்லி நோய்’ என்று மண்டையோடு வரைந்த சுவர்களும் நிறைய இருந்தன. தொற்றோடு வாழ்கிறவர்கள் அந்தச் சுவர்களைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனார்கள். இன்று மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் நீண்ட ஆயுளோடு இருக்கலாம், ஆனால் ஒதுக்கிவைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் நான் எப்போதும் ஒன்றைச் சொல்வேன். செய்தி யாருக்கோ அவர்களிடம் காட்டுவதோடு, அந்தச் செய்தியால் யாருக்குக் காயம் படுமோ அவர்களிடமும் காட்ட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வரியானாலும் விட்டுவிட வேண்டும்.

புகையிலைப் பொட்டலத்தில் அவ்வளவு கோரமான படம் இருந்தும் என் மகன் விடவில்லை. பயமுறுத்துவதால் பயன் உண்டா?
— வாசகி, திருநெல்வேலி

படம் இருப்பது நல்லதுதான் அம்மா, எடுக்கச் சொல்ல மாட்டேன். 2009இல் இந்தியாவில் முதன்முதலில் படம் போட்டபோது மெல்லும் புகையிலையில் ஒரு தேளை வரைந்திருந்தார்கள். புகையிலை வாயில் என்ன செய்யும் என்று அந்தத் தேள் யாருக்குச் சொல்லும்? பிறகு வாய்ப் புற்றுநோயின் உண்மையான படங்கள் வந்தன. 2016 முதல் பொட்டலத்தின் முகப்பில் 85 சதவீதம் எச்சரிக்கைதான்.

பயம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. பயத்தோடு சேர்த்து, வெளியே வர ஒரு வழியும், அது நம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் கிடைக்க வேண்டும். கிம் விட்டே என்ற ஆய்வாளர் 1992இல் இதை விரிவாக எழுதினார். வழி தெரியாதவனைப் பயமுறுத்தினால் அவன் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரிப்பான். 2018 முதல் பொட்டலத்தில் விடுவதற்கு உதவும் இலவச எண்ணும் அச்சாகிறது. அந்த எண்ணை உங்கள் மகனோடு சேர்ந்து உட்கார்ந்து கூப்பிடுங்கள். திட்டுவதைவிட அது நல்லது.

அவன் பதின்வயதில் இருந்தால் இன்னொன்று. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 1998இல் பிள்ளைகளையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். சாவு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அது உறைக்கவில்லை. சிகரெட் கம்பெனிகள் தங்களை ஏமாற்றுகின்றன என்பதுதான் கோபமூட்டியது. அதிலிருந்து பிறந்த ‘ட்ரூத்’ விளம்பரங்கள் 2000இல் நாடு முழுக்க வந்தன. 1999இல் 25.3 சதவீதமாக இருந்த மாணவர் புகைப்பழக்கம் 2002இல் 18 சதவீதமானது. அந்த இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த விளம்பரங்களால் வந்தது என்று ஆய்வு சொன்னது. ஏறக்குறைய அதே காலத்தில் அங்கே போதைக்கு எதிராக நூறு கோடி டாலர் அளவுக்குச் செலவழித்து ஓடிய அரசு விளம்பரங்களால் பிள்ளைகள் கஞ்சாவை விட்டதாக எந்தச் சான்றும் கிடைக்கவில்லை.

அடுத்த தடுப்பூசி முகாமுக்குள் வாட்ஸ்அப் வதந்தி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. 2017இல் பட்டது போதும்.
— சுகாதார ஆய்வாளர், ஈரோடு மாவட்டம்

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் பள்ளிகளில் தொடங்கியதும் வதந்தி பரவி, பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது.

வதந்தியை மறுக்கிற போஸ்டரில் வதந்தியையே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மறந்துபோனவர்களுக்கும் அது ஞாபகம் வந்துவிடும். பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிற சீட்டை இப்போதே எழுதி, பத்துப் பதினைந்து பெற்றோரிடம் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி எதுவோ, அதற்கான பதில் சீட்டின் முதல் வரியாக வரட்டும். காய்ச்சல் வருமா, ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு, ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்பவைதான் பெரும்பாலும் வரும். கூப்பிட ஒரு நம்பரைப் போட்டால், அந்த போனை ராத்திரியிலும் எடுக்க ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்பதை முடிவு செய்துவிட்டு அப்புறம் சீட்டை அச்சுக்குக் கொடுங்கள்.